முடிவை முதலில் சொல்

அன்று டாக்டரின் அறையில் இருந்தவர்கள்: டாக்டர் அம்மா, என் தம்பி, அவன் மனைவி, அவர்களுடைய ஒரே மகள், ரயில்வேயில் சரக்கு வண்டிக் கார்டாக இருந்து ஓய்வு பெற்ற என் வீட்டுக்காரர், நான். வேறு யாரும் இல்லை. நாற்காலிகள் போதவில்லை. தம்பியை டாக்டருக்கு எதிரே உட்கார வைத்தோம். அவனுக்கு இடப்பக்கம் அவன் மனைவியும் வலப்பக்கம் நானும் உட்கார்ந்தோம். தம்பி மகள் சுவரில் சாய்ந்து நின்றாள். என் வீட்டுக்காரர் எடை பார்க்கும் மிஷின் மேல் ஏறி நின்றுகொண்டார். கடைசி வரை இறங்கவில்லை.

டாக்டரிடம் நாங்கள் கேட்கப் போனது ஒன்றுதான். தம்பி இனிமேல் பட்டறையில் கண்ணாடி அறுக்கலாமா, கூடாதா? அதற்கு முன்னால் இன்னொன்று தெரிய வேண்டியிருந்தது. அவன் புத்தி தெளிவாக இருக்கிறதா, இல்லையா? இரண்டாவதை நாங்கள் யாரும் வாய் விட்டுச் சொல்லவில்லை. தெருவில் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

எங்கள் குடும்பம் கண்ணாடிக் குடும்பம். ஜன்னல் கண்ணாடி, அலமாரிக் கண்ணாடி, முகம் பார்க்கும் கண்ணாடி எல்லாம் அளவெடுத்து அறுத்துக் கொடுக்கிறோம். அப்பா தொடங்கினார். அவருக்குப் பிறகு கடையின் முன்பக்கத்தை நானும் பின்பக்கப் பட்டறையைத் தம்பியும் பார்த்துக்கொண்டோம். இதில் ஒரு விஷயம் வெளியாட்களுக்குத் தெரியாது. பெரிய கண்ணாடியை இரண்டு பேர் தூக்கிக்கொண்டு போகும்போது பேசிக்கொண்டிருக்க முடியாது. முன்னால் போகிறவர் ‘நில்’ என்றால் பின்னால் வருகிறவர் நிற்க வேண்டும். ஏன் என்று கேட்கக்கூடாது. படியா, நாயா, திறந்து கிடக்கும் கதவா என்பதெல்லாம் கண்ணாடியைக் கீழே சாத்தி வைத்த பிறகு. ‘இறக்கு’, ‘சாய்’, ‘வலது’, இவ்வளவுதான் எங்கள் பேச்சு. போதாததற்கு விளிம்பு தேய்க்கும் மிஷின் ஓடினால் மூன்றாவது வார்த்தை யாருக்கும் கேட்காது.

அந்தப் பழக்கம் அப்படியே வீட்டுக்குள்ளும் வந்துவிட்டது. “முடிவை முதல்ல சொல்லு” என்பார் அப்பா. காரணம் தேவைப்பட்டால் அவரே கேட்பார். பெரும்பாலும் தேவைப்படாது. நான் விரும்பிய மனிதரைப் பற்றி அவரிடம் சொன்னபோது, “ரயில்வே கார்டு” என்றேன். “சரி” என்றார். என் கல்யாணப் பேச்சு அத்துடன் முடிந்தது. எத்தனையோ வீடுகளில் அதற்காக மாதக்கணக்கில் அழுதிருக்கிறார்கள். எங்கள் வீட்டில் ஒரு குவளை தண்ணீர் குடிக்கிற நேரம்கூட ஆகவில்லை. அதில் எனக்கு இன்றும் பெருமைதான்.

தம்பி மட்டும் எங்களில் சேர்த்தி இல்லை. அவனிடம் மணி கேட்டால் கடிகாரம் வாங்கிய கதையிலிருந்து தொடங்குவான். அவனுக்கு ‘கூட்ஸ்’ என்று பெயர் வைத்தவர் என் வீட்டுக்காரர். “பெட்டி பெட்டியா வந்துக்கிட்டே இருக்கு, எதுல சரக்கு இருக்குன்னு தெரியல” என்றார். அன்று முதல் குழந்தைகள்கூட அவனைக் கூட்ஸ் மாமா என்றார்கள். அவனும் கோபித்துக்கொள்ளவில்லை. வாயைத் திறப்பான். நாங்கள் “விஷயத்துக்கு வா” என்போம். அவன் மூடிக்கொள்வான். இப்படியே வருடங்கள் ஓடின. பட்டறையில் அவன் கை பேசியது, அது போதுமாக இருந்தது.

இந்த வருடம்தான் குழப்பம் ஆரம்பித்தது. பேச்சு அதிகமானது. வாயை மூடு என்றாலும் மூடவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் மனைவியை, “எங்கேடி போயிட்ட?” என்று அடுக்களைப் பக்கம் பார்த்துக் கூப்பிட்டான். வலது கன்னத்தை மழித்துவிட்டு இடது கன்னம் பாதியோடு வெளியே போய்விட்டான். கேட்டால் ஒரு நீண்ட கதை. அதற்கு மேல் வந்தது தையல்காரம்மாவின் கண்ணாடி.

தையல்காரம்மா எங்கள் தெருமுனையில் கடை வைத்திருப்பவர். துணி போட்டுப் பார்க்கும் அறைக்கு ஆளுயரக் கண்ணாடி கேட்டிருந்தார். கையிருப்பில் இருந்த கண்ணாடி வேண்டியதைவிட ஒரு சாண் நீளம். இடது ஓரத்தில் அந்தச் சாணை மட்டும் நறுக்க வேண்டும். தம்பி மகள் அளந்து, மார்க்கரால் கோடு வைத்து, மேஜைக் கம்பளி மேல் படுக்க வைத்துவிட்டுப் போனாள். தம்பி வந்தான். கண்ணாடி கீறும் கட்டரை மண்ணெண்ணெயில் தோய்த்தான். அளவுப் பட்டையை வைத்து ஒரே இழுப்பாகக் கீறினான். மேஜை விளிம்பில் வைத்துத் தட்டினான். கண்ணாடி சுத்தமாக, அழகாக, நடுவில் இரண்டாகப் பிரிந்தது.

அந்தச் சமயம் பார்த்துத் தையல்காரம்மா குடையோடு உள்ளே வந்து நின்றார். “என்னங்க இது, எங்கிட்ட வர்றவங்க இடுப்பு வரைக்கும் இதுல பாத்துட்டு, மீதிக்கு அடுத்த கண்ணாடிக்குப் போகணுமா?” என்று கேட்டார். தம்பி பதில் சொல்ல ஆரம்பித்தான். காலையில் வந்த பஸ்ஸிலிருந்து ஆரம்பித்தான். அந்த அம்மா கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, கேட்கக் கேட்க முகம் மாறி, என்னிடம் வந்து மெல்லிய குரலில், “அக்கா, வீட்டுல யாரும் இவரை டாக்டர்கிட்ட காட்டலையா?” என்றார். அவர் கத்தியிருந்தால்கூடப் பரவாயில்லை. அந்த மெல்லிய குரல் சாயங்காலத்துக்குள் தெரு முழுக்கப் போய்விட்டது.

தம்பி மகள் கட்டரை எடுத்து அலமாரியில் வைத்துப் பூட்டினாள். “அத்தை, அப்பாவுக்கு என்னமோ ஆகுது. கண்ணாடி கையைக் கிழிச்சா நரம்பு போயிடும். டாக்டர் சரின்னு சொல்ற வரைக்கும் நான் சாவி தரமாட்டேன்” என்றாள். தம்பி அந்த அலமாரி முன்னால் நின்றுகொண்டே இருந்தான். கட்டரைத் தொடாமல் அவன் ஒரு வேலை நாளைக் கழித்ததை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. எங்கள் குடும்பத்தில் யாருக்கும் புத்தி பிசகியதில்லை. இவனுக்கும் இல்லை என்று ஒரு டாக்டர் வாயால் சொல்ல வைப்பது என்று தீர்மானித்தேன்.

அதற்காகத் தம்பியைத் தயார் செய்தேன். மூத்தவளாகப் பிறந்தவள் இதைக்கூடச் செய்யாவிட்டால் எப்படி?

“கேட்ட கேள்விக்கு ஒரு வார்த்தை. புரிஞ்சுதா?”

“புரிஞ்சுதுக்கா. ஆனா ஒரு வார்த்தையில எப்படிக்கா, போன தடவை நம்ம…”

“ஒரு வார்த்தை.”

“சரி.”

“கண்ணாடியை ஏன் ரெண்டா அறுத்தேன்னு கேப்பாங்க. ‘தப்பு’ன்னு சொல்லு. அதோட நிறுத்து.”

“தப்பு” என்றான். சொல்லிவிட்டு என்னைக் கொஞ்சம் வித்தியாசமாகப் பார்த்தான். அந்தப் பார்வை எனக்கு அப்போது பிடிபடவில்லை.

டாக்டர் அம்மாவுக்கு என் மகள் வயதுதான் இருக்கும். சுற்றி வளைக்காமல் கேட்டார், அது எனக்குப் பிடித்திருந்தது.

“பசிக்குதா?”

“பசிக்குது.”

“தூக்கம்?”

“வருது.”

“மறதி?”

“இல்ல.”

என் முதுகு நிமிர்ந்தது. என் வீட்டுக்காரர் எடை மிஷின் மேலிருந்து, “டாக்டர், இது எங்க கூட்ஸே இல்ல, எக்ஸ்பிரஸ்” என்றார். நான் அவரை ஒரு பார்வை பார்த்தேன்.

“அந்தக் கண்ணாடியை ஏன் ரெண்டா அறுத்தீங்க?”

“தப்பு.”

“என்ன தப்பு?”

தம்பி என்னைத் திரும்பிப் பார்த்தான். இதை நாங்கள் பழகியிருக்கவில்லை.

“அக்காவைப் பாக்காதீங்க, என்னைப் பாத்துச் சொல்லுங்க” என்றார் டாக்டர்.

“சொன்னா நீளும் டாக்டர்.”

“நீளட்டும்.”

“வெளியில எத்தனை பேர் காத்திருக்காங்கன்னு ஒரு தடவை பாத்துட்டு அப்புறம் சொல்லுங்க டாக்டர்” என்றார் என் வீட்டுக்காரர்.

தம்பி தொடங்கினான். “அன்னைக்குக் காலையில பஸ்ல வந்தேன் டாக்டர். கண்டக்டர் டிக்கெட் டிக்கெட்னு கேக்கறாரு. யாரையோ கேக்கறாருன்னு நினைச்சேன். கடைசியில இந்தப் பக்கத் தோள்ல தட்டி, ‘பெரியவரே, காது கேக்காதா?’ன்னாரு. காது எனக்கு நல்லாவே கேக்கும். அந்தக் கண்டக்டரோட மாமனார் ஒரு பேண்டு செட்டுல கிளாரினெட் வாசிச்சவர். பல்லெல்லாம் போய்ப் பல் செட்டு கட்டினதும்…”

“டேய், விஷயத்துக்கு வா” என்றேன்.

அவன் நிறுத்தினான். ஒரு மூச்சு விட்டான். “அன்னைக்குக் காலையில பஸ்ல வந்தேன் டாக்டர். கண்டக்டர் டிக்கெட் டிக்கெட்னு கேக்கறாரு…”

“ஏன் திரும்ப முதல்லேர்ந்து?” என்று டாக்டர் கேட்டார்.

“நடுவுலேர்ந்து சொன்னா உங்களுக்குப் புரியாதே.”

டாக்டர் எதையோ குறித்துக்கொண்டார். பிறகு எங்கள் எல்லோரையும் பார்த்து, “இவர் எப்பவுமே இப்படித்தானா, இல்ல இப்ப கொஞ்ச நாளாத்தான் இப்படியா?” என்று கேட்டார். “இது ரொம்ப முக்கியம். நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. சில பேர் பேச்சு சுத்திச் சுத்திப் போகும், ஆனா ஒரு இடத்துக்கு வந்து சேரும். அவங்க யோசிக்கிற விதம் அது. சில பேருக்கு வந்தே சேராது, அப்ப நாம கவலைப்படணும். முன்னாடியெல்லாம் இவர் பேச்சு வந்து சேருமா?”

மிகச் சாதாரணமான கேள்வி.

“இப்ப ரொம்ப அதிகம்” என்றாள் தம்பி மகள்.

“கல்யாணமான நாள்லேர்ந்தே இப்படித்தான்” என்றாள் தம்பி மனைவி. பிறகு, “வந்து சேருமான்னா… அடுப்புல ஏதாவது இருக்கும், நான் எழுந்து போயிடுவேன்” என்றாள்.

“எங்க வீட்டுல யாரும் வளவளன்னு பேசறதில்ல” என்றேன் நான். அது கேள்விக்குப் பதில் இல்லை என்று சொல்லும்போதே தெரிந்தது.

“முழுசா கேட்டவங்க யாராவது இருந்தாத்தானே டாக்டர் சொல்ல முடியும்?” என்றார் என் வீட்டுக்காரர். இந்தத் தடவை அவர் சிரிக்கவில்லை.

எனக்கு அது வசையாகத்தான் பட்டது. மிஷின் ஓடுகிற இடத்தில், ஆட்கள் வந்து நிற்கிற கடையில், ஒருவன் மாமனார் கிளாரினெட் வாசித்த கதையை உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தால் பட்டறை நடக்குமா? நடத்திக் காட்டியவள் நான். ஆனால் டாக்டர் கேட்டதற்குப் பதில் வேண்டியிருந்தது, அது என்னிடம் இல்லை. என் கூடப் பிறந்தவனைப் பற்றிப் பிறத்தியார் கேட்ட கேள்விக்குத் தெரியாது என்று உட்கார்ந்திருப்பது எனக்குப் புதிது.

“இப்ப யாரும் குறுக்க பேச வேண்டாம்” என்றார் டாக்டர். என்னைப் பார்த்துத்தான் சொன்னார். “நீங்க சொல்லுங்க.”

மூன்றாவது தடவையாகப் பஸ் கிளம்பியது. கண்டக்டர் வந்தார், தோளில் தட்டினார். மாமனார் இம்முறை கிளாரினெட்டை விட்டுவிட்டு டிரம்பெட் வாசித்தார். தம்பி மகள் என்னைப் பார்த்தாள். பயந்துவிட்டாள் என்று தெரிந்தது. நானும் பயந்தேன். பல் செட்டு ஒரு முறை மேடையில் கழன்று விழுந்தது. அது முடிந்ததும் தம்பி எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேஜைக்கு வந்தான்.

“இவ எப்பவும், இப்ப உக்காந்திருக்கற மாதிரி, எனக்கு இந்தப் பக்கம்தான் உக்காருவா டாக்டர். வந்து உக்காந்திருக்கா, எனக்குத் தெரியல. கூப்பிட்டேன். கோவிச்சுக்கிட்டா. பக்கத்துல இருக்கறவளைத் தேடினா எந்தப் பொண்டாட்டிதான் கோவிச்சுக்க மாட்டா? அடுத்த நாள் குழம்பைக் கொண்டுவந்து இந்தப் பக்கம் வெச்சா. நான் வெறும் சோத்தைத் தின்னுட்டு எழுந்தேன். ‘குழம்பு வெச்சது பிடிக்கலையா?’ன்னா. குழம்பு வெச்சியான்னேன். அதுக்கும் கோவம்.”

“ரெண்டு நாள் பேசல நான்” என்றாள் தம்பி மனைவி மெதுவாக.

“அது ஒண்ணும் எனக்குக் கஷ்டமா இல்ல” என்றான் தம்பி. “ரெண்டு நாள் குறுக்க பேசாம நான் பேசறதைக் கேட்டா.”

என் வீட்டுக்காரர் வாயைப் பொத்திக்கொண்டார்.

பிறகு மழித்த கன்னம் வந்தது. பிறகு, எங்கள் அப்பா ஒரு முறை செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு ஊர் முழுக்க அலைந்தது வந்தது. அது எதற்கு வந்தது என்று இன்று வரை எனக்கு விளங்கவில்லை. எதிர்க் கடைக்காரர் வீட்டு வாத்து வந்தது, அதுவும் விளங்கவில்லை. பிறகு தையல்காரம்மாவின் குடை வந்தது. “ஈரக் குடையை மேஜையில இந்தப் பக்கம் சாச்சு வெச்சிருக்காங்க. நான் முழங்கையால தட்டி விட்டுட்டேன். குடை அங்க இருந்ததே எனக்குத் தெரியாது. வந்த அம்மா, நான் கோவத்துல தட்டி விட்டேன்னு நினைச்சிருப்பாங்க. நல்ல அம்மா. அவங்க அம்மாவுக்கு நாமதான் அலமாரிக் கண்ணாடி போட்டோம்.”

“கண்ணாடியை எப்படி அறுத்தீங்க?”

“கோடு வெச்ச இடத்துல அறுத்தேன் டாக்டர். நான் எப்பவும் கோட்டுலதான் அறுப்பேன்.”

“அப்பா, நான் கோடு வெச்சது ஓரத்துல” என்றாள் மகள். டாக்டர் அவளைத் தடுக்கவில்லை. “நடுவுல இருந்தது பழைய கோடுப்பா. யாரோ ஆர்டர் கொடுத்துட்டு வேண்டாம்னு போனாங்களே, அது. பாதி அழிஞ்சு கிடந்தது. நான் வெச்சது நல்லாக் கறுப்பா, பெருசா, இடது ஓரத்துல இருந்துச்சு.”

“ஆமா” என்றான் தம்பி. “அறுத்ததுக்கு அப்புறம் பாத்தேன். கழுத்தைத் திருப்பிப் பாத்தேன். இருந்தது.”

டாக்டர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். “என் மூக்கைப் பாருங்க. மூக்கை விட்டுக் கண்ணை எடுக்கக்கூடாது” என்றார். தன் இரு கைகளையும் அகல விரித்து, தம்பியின் இடப்பக்கம் இரண்டு விரல்களை நீட்டினார்.

“எத்தனை விரல்?”

“எங்க விரல்?” என்று கேட்டான் தம்பி.

எனக்கு அந்த இரண்டு விரல்களும் வெகு தெளிவாகத் தெரிந்தன. ஒன்றில் மை படிந்திருந்தது. அவற்றைத் தம்பியின் காதுக்குப் பக்கத்தில் அசைத்துக்கொண்டே இருந்தார். அவன் கீழ்ப்படிதலுள்ள பிள்ளை மாதிரி டாக்டரின் மூக்கையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அதே கட்டடத்தின் மாடியில் கண் டாக்டர் இருந்தார். அங்கே தம்பியை ஒரு பெட்டிக்குள் முகத்தை வைத்துப் பார்க்கச் சொன்னார்கள், சொட்டு மருந்து விட்டார்கள், காக்க வைத்தார்கள். கடைசியில் கண் டாக்டர் எங்களைக் கூப்பிட்டுச் சொன்னார். கண்ணுக்குள் அழுத்தம் ஏறி, இடது கண் சத்தமில்லாமல் ஓரத்திலிருந்து போய்க்கொண்டிருந்திருக்கிறது. பெரும்பகுதி போய்விட்டது. வலது கண்ணிலும் மூக்குப் பக்க ஓரத்தில் தொடங்கியிருக்கிறது, அதனால்தான் இடப்பக்கம் தெரிவதில்லை. மருந்து விட்டால் இருப்பதைக் காப்பாற்றலாம். போனது வராது. புத்தியில் ஒரு குறையும் இல்லை.

அந்தக் கடைசி வாக்கியத்துக்காகத்தான் நான் வந்திருந்தேன். அது கிடைத்துவிட்டது. தெருவில் தலை நிமிர்ந்து நடக்கலாம். ஆனால் எனக்குச் சந்தோஷப்படத் தோன்றவில்லை. ஏன் என்றும் புரியவில்லை.

“கண்ணாடி அறுக்கலாமா சார்?” என்று தம்பியே கேட்டான்.

“வேண்டாங்க. கத்தி, கட்டர், மிஷின் எதுவும் வேண்டாம். பெரிய கண்ணாடி தூக்கறதும் வேண்டாம்.”

நான் காத்திருந்தேன். இப்போது தொடங்குவான் என்று நினைத்தேன். அப்பா முதன்முதலில் அவன் கையில் கட்டரைக் கொடுத்த நாளிலிருந்து தொடங்குவான், நடுவில் யாரோ ஒருவரின் மாமனார் வருவார், நான் இந்த முறை குறுக்கே பேசப் போவதில்லை என்று முடிவு செய்துகொண்டேன்.

“சரி” என்றான் தம்பி.

அவ்வளவுதான். எழுந்து, கதவை நோக்கி நடந்து, கதவின் இடது நிலையில் தோளை இடித்துக்கொண்டு வெளியே போனான்.

திரும்பி வரும்போது வண்டியில் அவனுக்கு வலப்பக்கம் உட்கார்ந்தேன். எனக்கு ஒன்று தெரிந்தாக வேண்டியிருந்தது. எதிர்ப்படுகிறவர்களிடம் எல்லாம் அவன் சொல்ல முயன்றது இதைத்தானா? இடப்பக்கம் தெரியவில்லை என்பதை அறிந்துகொண்டே, கட்டர் போய்விடும் என்ற பயத்தில் முடிவை மட்டும் விட்டுவிட்டு மற்றதையெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தானா? இல்லை, வாய்க்கு வந்ததைப் பேசியவனின் பேச்சில் உண்மை தானாக வந்து மாட்டிக்கொண்டதா? பஸ், மனைவி, குழம்பு, கன்னம், குடை, எல்லாம் இடப்பக்கம். வரிசையாக அடுக்கியதுபோல் இருக்கிறது. ஆனால் அப்பாவின் செருப்பு? அந்த வாத்து? அறிந்து அடுக்குகிறவன் வாத்தை எதற்குச் சேர்ப்பான்?

“உனக்கு முன்னாடியே தெரியுமாடா?” என்று கேட்டேன்.

“எதைக் கேக்கறீங்கக்கா?”

“கண்ணு.”

“தெரியும்னு எப்படிக்கா சொல்றது? இப்ப நீங்க இந்த வண்டியில உக்காந்திருக்கீங்க. உங்க முதுகுக்குப் பின்னாடி தெரியலையேன்னு நீங்க கவலைப்படறீங்களா? தெரியாத இடம் தெரியலைங்கறதே தெரியாதுல்ல? ஆனா ஒருநாள் எதிர்க் கடை வாத்து…”

“ஆமாவா, இல்லையா?”

“அதைத்தான்கா சொல்ல வர்றேன்.”

“சரி, சொல்லு” என்றேன். வீடு வரும் வரை சொன்னான். நான் ஒரு வார்த்தையும் குறுக்கே பேசவில்லை. வாத்து, அந்தக் கடைக்காரரின் மருமகள், அவள் வாங்கிய மிதிவண்டி, அதன் மணி, மணிச் சத்தம் எந்தப் பக்கம் கேட்டது, எந்தப் பக்கம் வண்டி வந்தது என்று போய்க்கொண்டிருந்தது. ஒரு கட்டத்தில் அவனுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது என்று உறுதியாகப்பட்டது. அடுத்த திருப்பத்தில், ஒன்றுமே தெரிந்திருக்கவில்லை என்று அதே அளவு உறுதியாகப்பட்டது. வண்டி நின்றபோது மிதிவண்டி இன்னும் விழவில்லை. என் வீட்டுக்காரர் முன் சீட்டிலிருந்து, “நான் கடைசிப் பெட்டியிலேயே வாழ்ந்தவன், எனக்குப் பொறுமை உண்டு. மச்சான், சாப்பிட்டுட்டு மீதியைச் சொல்லுங்க” என்றார்.

மறுநாள் தையல்காரம்மாவிடம் நானே போனேன். புதுக் கண்ணாடியைத் தம்பி மகளும் இன்னொரு ஆளும் தூக்கிக்கொண்டு பின்னால் வந்தார்கள். தெருவில் பரவியதைத் தெருவில்தான் நிறுத்த வேண்டும். ஒரு வாக்கியம் தயாராக வைத்திருந்தேன்: ‘என் தம்பி புத்தி தெளிவாக இருக்கிறது.’ சொன்னேன்.

“அப்ப ஏன்கா ரெண்டா அறுத்தாரு?” என்றார் அந்த அம்மா.

“கண்ணு” என்றேன்.

“கண்ணு தெரியலைன்னா, எங்கிட்ட பஸ்ஸைப் பத்தி எதுக்குச் சொன்னாரு?”

நியாயமான கேள்வி. அதற்குப் பதில் சொல்ல, பஸ்ஸில் கண்டக்டர் எந்தப் பக்கம் நின்றார் என்று சொல்ல வேண்டியிருந்தது. அதற்கு டாக்டரின் விரல் எந்தப் பக்கம் இருந்தது என்று சொல்ல வேண்டியிருந்தது. அதற்கு என் தம்பி மனைவி சாப்பாட்டு மேஜையில் எங்கே உட்காருவாள் என்று சொல்லி, குழம்பை நகர்த்தி, அந்த அம்மாவின் குடைக்கு வந்தபோது, அவர் ஊசியைத் துணியில் குத்தி வைத்துவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பார்வையை நான் அடையாளம் கண்டுகொண்டேன். அவருடைய குரல் மெல்லியதாகப் போவதற்கு முன்னால் எழுந்துகொண்டேன்.

“அக்கா, உக்காருங்க. குடைக்கு அப்புறம் என்ன ஆச்சு?” என்றார் அவர்.

உட்கார்ந்தேன். முழுவதும் சொன்னேன். கேட்டு முடித்துவிட்டு, “பாவம், அவர் அவ்வளவும் எங்கிட்ட சொன்னாரே. நான்தான் கேக்கல” என்றார். அது சரியா என்று எனக்கு இன்னும் தெரியாது. அவன் சொன்னானா, அல்லது நாங்கள் சேர்த்துக்கொண்டோமா? ஆனால் அவர் அப்படி நம்பினார், தெருவுக்கும் அப்படியே சொன்னார். எங்கள் குடும்பத்துக்கு அதனால் குறைவு ஒன்றும் வரவில்லை.

கட்டர் இப்போது தம்பி மகளிடம். அலமாரிச் சாவியை அவள் நீட்டியபோது, தம்பி வாங்கித் திறந்து, கட்டரை எடுத்துத் துடைத்து அவள் கையிலேயே கொடுத்துவிட்டான். அவன் கண்ணுக்கு வேளை தவறாமல் மருந்து விடுவது அவன் மனைவி. சாப்பிடும்போது அவள் இடம் மாறி வலப்பக்கம் உட்காருகிறாள். அவன் பட்டறையின் உட்பக்கம், விளிம்பு தேய்க்கும் மிஷினுக்குப் பக்கத்தில் ஒரு முக்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறான். முன்போல் கடை வாசலுக்கு வருவதில்லை. அங்கே ஆட்கள் இடப்பக்கமாக வந்து நின்றால் அவனுக்குத் தெரிவதில்லை.

டாக்டரிடம் போய் வந்த நாள் முதல் என் தம்பிக்குப் பேச்சு நின்றுபோய்விட்டது என்று பக்கத்து மேல்தெருவில் சொல்லிக்கொள்கிறார்களாம். நிற்கவில்லை. மிஷின் சத்தத்தில் வாசலுக்குக் கேட்பதில்லை, அவ்வளவுதான்.